அம்மாவின் தோட்டில் ஒரு கல்

சென்ற வருடம் மாரி தொடங்கும் முன், அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடிந்த கிழமை அது. படுக்கையில் விழுந்த அம்மாவை தர்மபுரத்தில் என் வீட்டில் வைத்து வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். அம்மா போன பிறகும் உடம்பின் அலுப்பு போகவில்லை. துணுக்காயில் இருக்கும் அக்கா, "அந்த வைரத்தோட்டை ஒருக்கால் மதிப்புப் பாப்பம், பிறகு பிரிப்பம்" என்றாள். மறுபேச்சுப் பேசத் தெம்பில்லை. கிளிநொச்சியில் ஒரு நகைக்கடைக்குப் போனோம்.

கடைக்காரர் தோடுகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு கல்லிலும் வாயால் ஊதினார். ஒன்றில் படிந்த ஆவி உடனே மறைந்தது. மற்றதில் கொஞ்சம் தங்கி நின்றது. பேனை போன்ற ஒரு கருவியால் தொட்டுப் பார்த்தார். முதல் கல்லுக்குச் சத்தமிட்ட கருவி, மற்றதற்குப் பேசாமல் இருந்தது. பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்டுதான் வைரம். மற்றது மாத்தறை வைரம் எண்டு சொல்லுறது, பேரிலதான் வைரம். கண்ணாடியில்லை, அதுவும் மண்ணுக்க எடுத்த கல்லுத்தான். இதுக்குள்ளால பாருங்கோ, பின்பக்கத்து விளிம்பெல்லாம் இரட்டையாத் தெரியும்."

அக்கா கல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அம்மா உன்னோடதானே இருந்தவா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்பேன் என்றுதான் கதிரையில் சாய்ந்தபடி நினைத்தேன். கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"இது இப்ப மாத்தின கல்லில்லை அம்மா. சுத்திவரப் பவுண் தேய்ஞ்சுபோய்க் கிடக்கு. அடியில கன வருசத்து ஊத்தை இறுகியிருக்கு."

அக்கா இப்போதுதான் அந்தக் கல்லைக் குனிந்து பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மீள்குடியேறின புதுசில என்ர ஒப்பரேசனுக்கு அம்மாதான் காசு கொண்டுவந்து தந்தவா. எங்கால எண்டு நான் கேக்கேல்லை."

வைரம் இருந்த தோட்டை என் கைக்குள் வைத்து மூடினாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில், என் பஸ் வரும்வரை என் கையைப் பிடித்தபடி நின்றாள். நான் கையை இழுக்கவில்லை, இறுக்கிப் பிடிக்கவுமில்லை.

அக்காவை எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனாலும் கூடப்பிறந்தவளே என்னை ஒரு கணம் அப்படிப் பார்த்தாளே என்பதையும், "நான் எடுக்கேல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அன்றைக்கு எனக்குத் தெம்பில்லாமல் போனதையும் நினைத்தால், இன்றைக்கும் அந்தக் களைப்பு அப்படியே திரும்பி வருகிறது.