தலைவலிக்குக் குடித்த கொத்தமல்லி

இலங்கை மலையகத்தில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு ஏற்றம் என்றால் பயமே கிடையாது. கணவரோடும் வழிகாட்டியோடும் நேபாளத்தில் இமயமலைப் பள்ளத்தாக்குகள் வழியே பல நாள் நடந்தபோதும் எல்லோருக்கும் முன்னால் நான்தான் போனேன்.

உயரமான ஓர் ஊரை அடைந்த பிற்பகல், தலை விண்விண்ணென்று தெறித்தது. வீட்டில் செய்வதுபோல், கொண்டுபோன கொத்தமல்லியை அவித்துக் குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

"தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்" என்றேன்.

என் கணவர் விடவில்லை. "எந்திரிச்சு நேரா நாலு எட்டு நட, பாப்போம்."

நடந்தேன். சுவரில் போய் மோதினேன்.

"இது சளி தடிமன்ல வர்ற தலைவலி இல்ல புள்ள. ஒடம்புக்கு இங்க காத்து பத்தல. இப்பவே எறங்கணும்" என்றார்.

உயரத்தில் தலை வலித்தால் உடனே இறங்க வேண்டும் என்று வழிகாட்டி காலையிலேயே சொன்னாராம். நான்தான் அதைக் கேட்காமல் முன்னால் போய்விட்டேனே!

கணவரும் வழிகாட்டியும் என்னைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார்கள். இறங்க இறங்கத் தலைவலி விட்டது. அன்று தூங்கியிருந்தால் எழுந்திருப்பேனா, தெரியாது.

உடம்பு பழகியதும் மெதுவாக ஏறி, கணவாயைத் தாண்டித்தான் ஊர் திரும்பினேன். அடுத்த வருடமும் போகிறோம். உயரத்தில் தலை வலித்தால் முதலில் வாய்விட்டுச் சொல்வேன். அங்கே வழிகாட்டிக்குப் பின்னால்தான் நடப்பேன்.

எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் மட்டும், யாராவது என்னை முந்திப் பார்க்கட்டும்!