முகம் மறைத்த நிறங்கள்

என் சமையலறை யன்னல் விளிம்பில் ஒரு வளைந்த கண்ணாடி இருக்கிறது. சுவர்க்கடிகாரத்தின் முகத்தை மூடுகிற கண்ணாடிதான். கழற்றி மல்லாத்தி வைத்தால் ஆழமில்லாத கிண்ணம் மாதிரி இருக்கும். அதன் ஓரத்தில் நாவற்பழ நிறத்தில் ஒரு கறை. எத்தனையோ தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கொண்டையூசியும் வீட்டுக் கதவுத் திறப்பும் போட்டு வைப்பேனே தவிர, தின்கிற சாமான் எதையும் நான் அதில் வைத்ததில்லை. அதைத் தந்த மனிதர் தன் இளமையில் எதையெல்லாம் அந்தக் கையால் தொட்டாரோ, யார் கண்டது?

டென்மார்க்கில் இக்காஸ்ட் என்கிற ஊரில், துணிக்கு அச்சுப் போடுகிற தொழிற்சாலையில் நான் மடிப்பு மேசையில் வேலை செய்தேன். அவர் நிறம் கலக்கிற அறையில் இருந்தார். டெனிஷ்காரர், ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியவர். வெள்ளைத் தாடியைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் தலைமயிர் மாதிரிப் பின்னி விட்டிருப்பார். நாங்கள் தமிழ்ப் பெண்கள் எங்களுக்குள் தாடியப்பு என்று பெயர் வைத்திருந்தோம். முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருடைய சட்டையில் சிவபெருமான் ஊதாவும் செம்மஞ்சளுமாக உருகி வழிந்துகொண்டிருந்தார். நெற்றிக்கண்ணிலிருந்து வானவில் பாய்ந்தது. அந்தச் சட்டையோடு இருந்து அவர் பன்றியிறைச்சிப் பாண் தின்றார். கிட்டப் போனால் ஊதுபத்தி வாசம் வேறு. எங்கள் வீட்டில் ஊதுபத்தி மணக்கிறதென்றால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவருடைய கூட்டத்துக்கு அது இன்னொரு புகையை மறைக்கிற புகை என்று என் கணவர் சொன்னார்.

"உந்தக் கிழவனோடை கனக்கக் கதைக்காதையும். உது கஞ்சாக் கூட்டம்."

கதைக்காமல் இருக்க அவர் விடவேண்டுமே. தேநீர் இடைவேளையில் வந்து பக்கத்தில் குந்திவிடுவார். இளவயதில் ஒரு பெரிய பழைய வீட்டில் பலபேர் சேர்ந்து வாழ்ந்தார்களாம். சீனிக்கட்டியில் ஒரு துளி மருந்து விட்டுத் தின்றால் பாட்டு நிறமாகத் தெரியுமாம். சித்தார் இசைத்தட்டு சுழலச் சுழலச் சுவர் மூச்சு விடுமாம். அப்போது அவருடைய வேலை, பாட்டுக் கச்சேரிகளுக்கு வெளிச்சம் போடுவது. இரண்டு கடிகாரக் கண்ணாடிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இடையில் எண்ணெயும் நிறத் தண்ணீரும் விட்டு, பள்ளிக்கூடங்களில் படம் காட்டுகிற விளக்கின் மேல் வைத்து, தாளத்துக்கு ஏற்ப அசைப்பாராம். ஒருநாள் என்னைப் பார்த்து, "உங்களுக்கு அந்த மருந்து தேவையில்லை. நீங்கள் கிழக்கு நாட்டவர், பிறக்கும்போதே விழித்தவர்கள்" என்றார். நான் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள். நான் விழித்திருந்ததெல்லாம் பதுங்குகுழிக்குள். அதை அவருக்குச் சொல்லவில்லை. எங்கள் சாமியையும் சாம்பிராணியையும் எடுத்துக்கொண்டவர்களுக்கு எங்கள் பயம் மட்டும் எதற்கு?

அந்தப் போதையின் நிறங்கள் கடைசியில் எங்கே வந்து சேர்ந்தன என்பது எனக்குத் தெரியும். நான் நாள் முழுக்க மடித்தது அவற்றைத்தான். சுருள் சுருளாக, கண் கூசுகிற பூக்களோடு, குழந்தைகளின் படுக்கை உடுப்புத் துணி. உலகத்தை மாற்றப் புறப்பட்டவர்கள் குழந்தைப்பிள்ளைகளின் படுக்கை உடுப்பை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசியில் ஊரில் யுத்தம் முடிந்தது. என் தம்பி உயிரோடு முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருக்கிறான் என்று செய்தி வந்தது. அவன் மனைவி, என் மச்சாள், ஷெல் விழுந்து வழியிலேயே போய்விட்டாள். அவளுக்கு விளக்கேற்ற அவள் பக்கத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. வருகிற சனிக்கிழமை இக்காஸ்ட் மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் என்று எங்கள் தமிழ்ச் சங்கம் அறிவித்தது. போகவேண்டும் என்று மனம் துடித்தது. போகப் பயமாகவும் இருந்தது. வெளிநாட்டுக் கூட்டங்களில் எடுத்த படங்கள் கொழும்புக்குப் போகின்றன, முகாமில் இருப்பவர்களைக் கூப்பிட்டு இது உன் அக்காவா, இது உன் அண்ணனா என்று கேட்டு, ஆமென்றால் தனியே கொண்டுபோகிறார்கள் என்று ஒரு கதை உலாவியது. மெய்யோ பொய்யோ ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி கைத்தொலைபேசியை எடுத்தாலே நான் முகத்தைத் திருப்பினேன். அந்த நாட்களில் நாங்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை.

மடிப்பு மேசையில் நான் அழுததைத் தாடியப்பு கண்டுவிட்டார். கேட்டார், சொன்னேன். ஏன் சொன்னேன் என்று அன்று முழுக்க என்னையே திட்டினேன். அவர் தாடிப் பின்னலை உருட்டிக்கொண்டு யோசித்தார். "எங்கள் கச்சேரிகளுக்குப் பொலிஸ்காரர்கள் சாதாரண உடுப்பில் வந்து படம் எடுப்பார்கள். நான் வெளிச்சத்தைச் சுவரிலிருந்து எடுத்துச் சனத்தின் மேல் திருப்பிவிடுவேன். பிறகு யார் யாரென்று அவர்களுடைய படத்தில் தெரியாது" என்றார். சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்து அதையே செய்து தரலாமாம்.

சங்கத் தலைவர் துள்ளினார்.

"இது செத்தவீடு தங்கச்சி, டிஸ்கோ இல்லை. உந்தாளுக்குப் பொழுதுபோகேல்லை எண்டால் எங்கடை துக்கமே கிடைச்சது?"

எனக்கும் அதே சந்தேகந்தான். ஆனாலும், "அண்ணை, முகம் தெரிஞ்சால் நான் வரமாட்டன். என்னைப்போலை கனபேர் வரமாட்டினம்" என்றேன். அவர் அரைமனத்தோடு தலையாட்டினார். தாடியப்புவிடம் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். சிவப்பும் மஞ்சளும் வேண்டாம், அவை ஊரில் போராடிய இயக்கத்தின் கொடி நிறங்கள், படத்தில் விழுந்தால் ஆபத்து. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஆயுள் முழுக்க நிறத்தோடு வாழ்ந்தவர், நிறத்துக்குப் பயப்படுகிற மனிதரை அன்றைக்குத்தான் கண்டார் போலும்.

வைகாசியில் இங்கே பொழுதுபட நெடுநேரம் ஆகும். மண்டப யன்னல்களைத் தொழிற்சாலைக் கழிவுத் துணியால் மூடினோம். அதே சுருள் கோலக் குழந்தைத் துணி. உள்ளே நீலமும் பச்சையும் ஊதாவும் குமிழ் குமிழாக எங்கள் மேல் ஊர்ந்தன. பக்கத்தில் நின்ற என் கணவரின் மூக்கு எது, வாய் எது என்று எனக்கே பிடிபடவில்லை. பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. ஒவ்வொருவராக முன்னால் போய் விளக்கேற்றினோம். மச்சாளின் பெயரைச் சொல்லி நான் வாய்விட்டுக் குளறி அழுதேன். யாரும் அடக்கவில்லை, எல்லாரும் குளறினார்கள். ஓரத்திலிருந்து யாரோ கைத்தொலைபேசியை உயர்த்தியதைக் கண்டேன், அப்போதும் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தபோது தாடியப்பு கண்ணை மூடி, கண்ணாடியை மெல்ல அசைத்துக்கொண்டு, உதட்டில் ஒரு புன்னகையோடு நின்றார். அந்தப் புன்னகை என்னைச் சுட்டது. எங்களுக்காக வந்தாரா, தன் பழைய இரவுகளுக்காக வந்தாரா? ஓய்வு பெற்றுப் போகிற நாளில் இந்தக் கண்ணாடியை என் கையில் தந்தார். நன்றி சொன்னேன். சந்தேகம் மட்டும் போகவில்லை.

போன கோடையில் தம்பி முதல்தரம் டென்மார்க் வந்தான். நரைத்துவிட்டான். பழைய படங்களைக் காட்டினேன். அவற்றுக்குள் அந்த அஞ்சலிக் கூட்டத்தின் படமும் இருந்தது. எங்கள் சங்கத்து ஆட்களுக்குள் மட்டும் கைமாறிய படம். அவன் அதைக் கையில் எடுத்தவன் வைக்கவில்லை.

"அக்கா, இந்தப் படத்தை நான் முந்தியே பாத்திட்டன்."

"எங்கையடா?"

"முகாமிலை. ஆமிக்காரர் கூப்பிட்டு முன்னாலை வைச்சவங்கள். இதிலை உன்ரை ஆக்கள் ஆரெண்டு கேட்டவங்கள். நானும் வடிவாப் பாத்தன். ஒருத்தரையும் தெரியேல்லை. தெரியாதெண்டு சொன்னன், விட்டிட்டாங்கள். தெரிஞ்சுகொண்டு பொய் சொல்லியிருந்தால் என்ரை முகம் காட்டிக் குடுத்திருக்கும்." பிறகு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீங்கள் இதிலை எங்கை நிக்கிறியள்?"

நானும் தேடினேன். எனக்கும் தெரியவில்லை. கைத்தொலைபேசியை உயர்த்திய கை எங்களில் யாருடையது என்பதும் தெரியவில்லை. இத்தனை வருடமும் நான் சந்தேகப்பட்டது தாடியப்புவை.

தம்பி ஊரிலிருந்து வறுத்த கச்சான் கடலை கொண்டுவந்திருந்தான். எழுந்துபோய் யன்னல் விளிம்பிலிருந்த கண்ணாடியை எடுத்தேன். கொண்டையூசிகளையும் திறப்பையும் மேசையில் கொட்டிவிட்டு, அதில் கச்சானைப் போட்டு அவன் முன்னால் வைத்தேன்.