சேதி சொல்ல வந்தவள்

ஐம்பத்தெட்டு வயதில் நடிப்பு வகுப்புக்குப் போகிறேன் என்றதும் என் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறியவளுக்கு, ஓய்வு என்ற பேரில் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியை வெறிக்கப் பொறுமை கிடையாது. ஈஜோக்கில் எங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில், சனிக்கிழமை பிற்பகல்களில் பெரியவர்களுக்கு நடிப்பு சொல்லித் தருகிறார்கள், பழங்கால நாடகங்களைப் பற்றியும் பேசுவார்கள் என்று ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவித்தார்கள். முதலில் பேர் கொடுத்தது நான்தான்.

ஒன்பது பேர் சேர்ந்தோம். ஆசிரியை கோலாலம்பூரில் நாடகம் படித்தவள், முப்பது வயது இருக்கும், என் மகளைவிடச் சின்னவள். செம்பனைப் பழ லோரி ஓட்டும் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரும் வந்தார், ஓய்வுபெற்ற பொறியாளர். அவருடைய அப்பா நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் கிராணியாக, ஆள் கணக்கு எழுதுபவராக இருந்தவர். என் அப்பா அந்தக் கிராணி முன்னால் கையைக் கட்டி நின்று பேர் கொடுத்தவர். இப்போது கிராணி மகனும் நானும் ஒரே பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கையை வைத்து, ஆவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அப்பா பார்த்திருந்தால் நம்பியிருக்கவே மாட்டார்.

மூன்றாவது வாரம் பழைய கிரேக்க நாடகத்துக்கு வந்தோம். அந்த மேடையில் யாரும் சாவதில்லை என்றாள் ஆசிரியை. "சாவு வெளிய எங்கேயோ நடக்கும். ஒருத்தர் ஓடி வந்து சொல்வாரு. எங்க, எப்ப, எப்படி, மூணையும் சொல்லணும். கேக்குறது ராஜாவா இருந்தாலும் மறைக்கக் கூடாது."

பெரியவரை நாற்காலியில் ராஜாவாக உட்கார வைத்தாள். ராஜாவின் மகன் போரில் இறந்துவிட்டான், நாங்கள் ஒவ்வொருவராக ஓடி வந்து அந்தச் சேதியைச் சொல்ல வேண்டும். முதலில் லோரிக்காரர் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. நன்றாகத்தான் தொடங்கினார்.

"ராஜா, ஒண்ணும் பயப்படாதீங்க. தம்பிக்கு கொஞ்சம் சீரியஸா இருக்கு. நீங்க ஒடனே கெளம்பி வாங்க."

"சீரியஸா? செத்துட்டான் அங்கிள்!" என்றாள் ஆசிரியை.

"அதத்தான் நானும் சொல்றேன் லா."

மண்டபமே சிரித்தது. அடுத்து வந்த அம்மாள், பையனுக்கு உடம்புக்கு முடியவில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அதற்கடுத்தவர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். ஆசிரியை தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, யாராவது ஒருத்தர் அந்தப் பையன கொல்லுங்களேன்!"

ராஜா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "பிள்ளை, எங்கட ஆக்களும் இப்பிடித்தான், நேர சொல்லமாட்டினம். அம்மா செத்ததுக்கு எனக்கு, 'அம்மாவுக்குக் கொஞ்சம் ஏலாமக் கிடக்கு' எண்டுதான் ஃபோன் வந்தது. ஆஸ்பத்திரியில நிக்கவேணும் எண்டு நான் ரெண்டு சட்டை மடிச்சு வச்சுக்கொண்டு போனன்."

ஆசிரியைக்கு இந்த வழக்கம் தெரியாதாம். டவுனில் வளர்ந்த பிள்ளை. நாங்கள்தான் விளக்கினோம். சாவுச் சேதியைத் தூரத்தில் இருப்பவரிடம் நேராகச் சொல்லமாட்டோம். பதறிப்போய் வண்டி ஓட்டினால் வழியில் எங்கேயாவது மோதிக்கொள்வார்கள். சீரியஸ் என்று சொன்னால் போதும், கிளம்பி வருவார்கள். வாசலில் கூடாரத்தையும் நாற்காலிகளையும் பார்த்துத் தாங்களே தெரிந்துகொள்வார்கள். இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததே கிடையாது.

என் முறை வந்தது. இடைவேளை மணி அடித்தால் பாய்ந்து வரும் பிள்ளைக் கூட்டத்தை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்தியவள் நான். ஓடி வந்து ராஜா முன்னால் நின்றேன். "ராஜா," என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கார்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். என்மேலேயே எனக்கு அப்படியொரு கோபம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு 'சீரியஸ்' சேதியைச் சொன்னவள் நான். சொன்னது என் அக்காவிடம்.

எங்களுக்கு ஒரே தம்பி. கல்யாணம் கட்டவில்லை, என்னோடுதான் இருந்தான், செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆறு மணி தாண்டியதும் போய்விட்டான். ஏழு மணிக்குப் புக்கிட் செந்தோசாவில் இருந்த அக்காவைக் கூப்பிட்டேன். "தம்பிக்கு கொஞ்சம் சீரியஸ்க்கா. ஆஸ்பத்திரிக்கு வந்துரு. பதறாத, அத்தானை மெதுவா ஓட்டச் சொல்லு." அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு. அந்தச் சாலையில் காலை வேளையில் லோரிகள் எப்படிப் பறக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வேறு எப்படிச் சொல்லியிருப்பேன்?

மெதுவாகத்தான் வந்தாள். வழியில் ஈஜோக்கில் காரை நிறுத்தி இளநீர் வாங்கியிருக்கிறாள். தம்பிக்கு இளநீர் என்றால் உயிர். கடைக்காரன் அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தானாம், இருபது நிமிஷம் நின்று வாங்கியிருக்கிறாள். எட்டரை மணிக்கு, உறிஞ்சுகுழல் செருகிய பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் ஓடி வந்தாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

"எப்படி?" என்றாள்.

"இப்பதான் போனான்க்கா. ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. அவள் வந்து நிற்கிற கோலத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் தம்பியின் காலைத் தொட்டாள். "சில்லுன்னு இருக்கேடி," என்றாள். ஏர்கோன்லதானே வச்சிருந்தாங்க என்றேன். ஒன்றை மூட இன்னொன்று. பிறகு அவள் கையில் இருந்த பையைப் பார்த்தாள். "இளநிக்கு நின்னேனே," என்றாள். நான் அதைக் கேட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதிலிருந்து அக்கா கணக்குப் போட ஆரம்பித்தாள். இருபதில் பத்து போனால் பத்து. நிற்காமல் வந்திருந்தால் பத்து நிமிஷம் தம்பியோடு இருந்திருக்கலாம். வருஷா வருஷம் நினைவுப் பூசை முடிந்ததும் தேவாலயப் படியில் உட்கார்ந்து இதையே சொல்லி அழுவாள். "அவன் என்னத் தேடியிருப்பான்டி. கண்ணு வாசலயே பாத்திருக்கும். நா அங்க நின்னு, இன்னும் வழுக்கையா இருக்கறத வெட்டுன்னு கடக்காரன்கிட்ட பேரம் பேசிக்கிட்டு இருந்தேன்." நான் அவள் முதுகைத் தடவிக்கொடுப்பேன். விடுக்கா, விதி என்பேன். தடவிக்கொடுத்த கையை வெட்டிப்போட வேண்டும்.

வருஷம் கூடக் கூட வாயைத் திறப்பது இன்னும் கஷ்டமானது. முதல் வாரத்தில் சொன்னால் திட்டியிருப்பாள். ஐந்தாம் வருஷம் சொன்னால், இத்தனை நாளும் வேடிக்கை பார்த்தாயா என்று கேட்பாள். கூடப்பிறந்தவர்களில் எனக்கு மீதி இருந்தது அவள் ஒருத்திதான்.

இவ்வளவும் தெரியாமல் ஆசிரியை எனக்கே அந்த வேடத்தைக் கொடுத்தாள். என் குரல் கடைசி வரிசை வரை போகிறதாம். பழைய நாடகங்களின் முறையில் அவளே எழுதிய அரை மணி நேர நாடகம். பெரியவர் ராஜா, நான் சேதி கொண்டுவருபவள், மற்றவர்கள் ஊர்ச்சனம். மூன்று மாதம் ஒத்திகை. வசனம் மனப்பாடமாகிவிட்டது, ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை.

"ஆண்ட்டி, நீங்க ராஜாவுக்கு ஆறுதல் சொல்றீங்க. அது உங்க வேல இல்ல. நடந்தத சொல்லிட்டு நில்லுங்க. அழுவறதா, விழுவறதா, அது அவரோட வேல."

"பாவமா இருக்கேம்மா," என்றேன்.

"யாருக்கு பாவம்? அவருக்கா, உங்களுக்கா?"

சுள்ளென்று ஏறியது எனக்கு. பொடிசு, என்ன பேச்சுப் பேசுகிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவள் கேட்டது சரிதான். அதனால்தான் அவ்வளவு கோபம். அன்றைக்கே முடிவு செய்தேன், நாடகம் முடிந்த கையோடு அக்காவிடம் சொல்லிவிடுவதென்று.

நாடகம் நடந்த சனிக்கிழமை அக்காவை அவள் மகன் கொண்டுவந்து இறக்கிவிட்டான். இரண்டாவது வரிசையில், புதுப் புடவையில், எல்லாரிடமும் "எந்தங்கச்சிதான் நடிக்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஓடி வந்து ராஜா முன் நின்றேன். உங்கள் மகன் இறந்துவிட்டான் என்றேன். விடியும் முன்பே இறந்துவிட்டான், ஆற்றங்கரையில், தனியாக இல்லை, நான் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன் என்றேன். சொல்லிவிட்டு நின்றேன். ராஜா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்.

பிறகு தேநீர், பலகாரம். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள், அழுதிருந்தாள். அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

"அக்கா, தம்பி பத்து நிமிஷத்துக்கு முன்னாடி போகல. நா உனக்கு ஃபோன் பண்ணும்போதே போயிட்டான். ஆறு மணிக்கே போயிட்டான். நீ பறந்து வந்திருந்தாலும் பாத்திருக்க முடியாது. இளநிக்கு நின்னதால ஒண்ணும் இல்ல. நா பொய் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் இருந்தேன். அவளோ என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"எனக்காக சொல்றியாக்கும்," என்றாள். "நா நிம்மதியா இருக்கணும்னு. நல்ல மனசுடி ஒனக்கு. ஆனா வேணாம். நல்லாவே நடிக்கக் கத்துக்கிட்ட போ."

"நடிக்கலக்கா! சத்தியமா!"

"சரி, சரி," என்றாள். குழந்தைக்குச் சொல்வதுபோல. மகனின் கார் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அடக் கடவுளே! இதுவும் நாங்கள் செய்துவைத்ததுதானே. பிறந்ததிலிருந்து ஒருவருக்கொருவர் நோகாத சேதியாகவே சொல்லிப் பழகியவர்கள். நோகாத சேதி ஒன்று நிஜமாகவே வந்தபோது, அதை அவளால் நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்தேன். தம்பியின் காகிதங்கள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. அடக்கத்துக்கான ஏற்பாட்டை நானே செய்ததால், ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளும் என்னோடு நின்றுவிட்டது. அதில் அவன் இறந்த நேரம் போட்டிருந்தது. பதினோரு வருஷமாக என் புடவைகளுக்கு அடியில் இருந்த தாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் புக்கிட் செந்தோசாவுக்குப் போனேன். அக்கா சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் வைத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். தம்பி பேர். அடையாள அட்டை எண். பிறகு விரல் நின்றது.

"ஆறு பத்து, பாகி," என்று வாய்விட்டுப் படித்தாள். காலைக்கு அந்த மலாய்ச் சொல்தான் தாளில் இருந்தது.

"நீ எனக்கு எத்தன மணிக்கு ஃபோன் பண்ண?"

"ஏழு மணிக்கு."

"அப்ப நா வீட்ட விட்டு கெளம்பும்போதே அவன் இல்ல."

"இல்லக்கா."

"என்னைத் தேடல."

"எல்லாம் சட்டுன்னு முடிஞ்சிருச்சுக்கா. யாரையும் தேட நேரம் இல்ல."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அப்புறம் அந்தத் தாளின்மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்து, "டேய் தம்பி, டேய் தம்பி, எங்கள விட்டுட்டுப் போயிட்டியாடா," என்று ஓங்கி அழ ஆரம்பித்தாள்.

பதினோரு வருஷத்தில் அக்கா அழுது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எல்லாம் இளநீர், பத்து நிமிஷம், பேரம் என்றுதான். இந்த அழுகையில் அது ஒன்றுமே இல்லை, தம்பி மட்டும்தான் இருந்தான். அன்றைக்குத்தான் அவளுக்குத் தம்பி செத்தான். அதைக்கூட இத்தனை வருஷமாக நான் அவளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.