சூளைச் சுவரின் சூடு

நெருப்பு அணைந்த பீங்கான் சூளையின் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து, "அப்பாடா" என்றார் பழைய மேஸ்திரி.

இங்கே கூலி வேலை பார்த்த என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். தசைகள் வீங்கி இறுகும் நோய் அவருக்கு. மதியம் இந்தச் சூட்டில் சாய்ந்து, நான் கொண்டுபோகும் கொள்ளு ரசத்தைக் குடித்தால்தான் கையைத் தூக்க முடியும். ஒருநாள் இதே மேஸ்திரி தூக்குவாளியைக் காலால் எத்தினார்.

"சூளை என்ன ஒனக்கு ஒத்தடம் குடுக்கவா இருக்குது? எழுந்திருடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அதன்பின் சாயவே இல்லை. சாகும்வரை கூனியே நடந்தார்.

இப்போது சூளை என் பொறுப்பு. யாரிடமும் குரல் உயர்த்தாத நான் அருகில் போனேன்.

"எழுந்திருங்க மேஸ்திரி."

"வலி உயிர் போவுது தம்பி. செத்த நேரம்."

"சூளை என்ன ஒங்களுக்கு ஒத்தடம் குடுக்கவா இருக்குது?"

என் முகத்தை உற்றுப் பார்த்தவர், எழுந்து போனார்.

அப்பாவின் நோய் எனக்கும் உண்டு. மேஸ்திரி எழுந்த இடத்தில் சாய்ந்து கொள்ளு ரசம் குடித்தேன். என்றைக்கும் இல்லாத ருசி.