மன்னிக்கச் சொன்ன சனிக்கிழமை

உளவள ஆலோசனை டிப்ளோமாவின் இரண்டாம் வருடம், பயிற்சிக்காக என்னைப் பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்துக்கு அனுப்பினார்கள். கிழமை நாட்களில் கண்டியில் கிளார்க் வேலை, சனிக்கிழமை காலையில் பன்வில பஸ். ஆலயத்தின் பின்னறையில் உட்கார இரண்டு கதிரைகள் போட்டிருக்கும். தோட்டத்து இளம் பிள்ளைகள் அங்கே வந்து பேசுவார்கள்.

அவர்களில் ஒருத்தி பதினோராம் வகுப்பு முடித்து சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பெண். தாய் இல்லை, தகப்பனோடு இருந்தாள். மூன்றாவது சனிக்கிழமை சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். தோள்வரை வரிவரியாகக் கன்றியிருந்தது.

"பெல்ட்டு மிஸ். பக்கிள் உள்ள பக்கத்தாலதான் அடிப்பாரு."

"எதுக்கு?"

"நான் படிக்கிறது புடிக்கல. கொழுந்து பறிக்கப் போகச் சொல்றாரு."

பிள்ளைக்கு ஆபத்து என்றால் உடனே அறிவிக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் பொலிஸ், தோட்டத்தில் கிளம்பும் பேச்சு எல்லாம் நினைத்துப் பயந்தேன். "அப்பாவ மன்னிச்சிடும்மா. ஆண்டவர் அவர் மனச மாத்துவாரு" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து ஜெபித்தேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் ஓடி வந்தாள். உதடு பிளந்திருந்தது. இடது கை மணிக்கட்டுக்கு மேலே வளைந்து தொங்கியது.

"நீங்க சொன்னீங்கன்னு, 'உங்கள மன்னிச்சிட்டேன்ப்பா'ன்னு போயி சொன்னேன் மிஸ். 'என்னைய மன்னிக்க நீ யாருடி'ன்னு வெறகுக் கட்டைய எடுத்தாரு."

நான் எழும்புவதற்குள் கதவை உதைத்துத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தார். அவள் முடியைப் பிடித்து இழுத்தார். குறுக்கே போன என்னைக் கன்னத்தில் அறைந்தார். சுவரில் தலை மோதி இடது காதுக்குள் இரைந்தது. அவள் கத்தினாள். கதிரையைத் தூக்கி அவர் முழங்காலில் அடித்தேன். விழுந்தார். விழுந்த பிறகும் இன்னொரு முறை அடித்தேன். அந்த அடி தேவையில்லாதது, தெரிந்தேதான் அடித்தேன். பக்கத்து மண்டபத்தில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து என் கையிலிருந்து கதிரையைப் பிடுங்கினார்கள்.

பொலிசுக்கு அங்கிருந்தே போன் பண்ணினேன். ஆஸ்பத்திரியில் அவள் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டிலில் படுத்தபடி அவள் கேட்டாள்:

"அப்பா கீழ விழுந்தப்ப எனக்குச் சந்தோசமா இருந்திச்சி மிஸ். அது பாவமா?"

வேத வசனம் ஒன்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எனக்கும் இருந்திச்சி" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள்.

நடந்ததை ஒன்றுவிடாமல் விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தப் பிள்ளை ஒங்கள நம்பி கையக் காட்டிச்சி. நீங்க ஒங்க பயத்துக்கு ஜெபம் பண்ணியிருக்கீங்க" என்றார். பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

தகப்பன் சில வாரம் விளக்கமறியல் சிறையில் இருந்துவிட்டுப் பிணையில் வந்தார். அதற்குள் சிறுவர் நன்னடத்தை அதிகாரி அவளைக் கடுகண்ணாவையில் சித்தி வீட்டில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து பரீட்சை எழுதினாள். கணக்கு மட்டும் தவறியது, மறுபடி எழுதுகிறாள். நான் இப்போது கண்டியில் ஒரு பாடசாலையில் ஆலோசகர். இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. பிள்ளைகளை வலப்பக்கம் உட்காரச் சொல்கிறேன்.