பின்சீட்டுக்கும் பெல்ட் உண்டு

ஆக்டிங் டிரைவர் என்றால் வண்டி இன்னொருவருடையது, ஸ்டியரிங் மட்டும் நம்முடையது. செஞ்சியில் இந்த வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பெல்ட் விஷயத்தில் நான் பேசியதெல்லாம் பெரும்பாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனாலும் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒரு நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1. வளைகாப்பு வீடு

அன்று தீபாவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். சடங்கு முடிந்ததும் அவளைப் பனமலையில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். கார் அவள் புருஷனுடையது, புதுசு. விருந்தாளிகளை விட்டுவிட்டு அவரால் வர முடியாது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தீபா முன்சீட்டில் ஏறினாள். பெல்ட் மாட்டும் இடத்தில் வெறும் கிளிப் ஒன்று சொருகியிருந்தது. பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்தும் அல்லவா, அதன் வாயை அடைக்கக் கடையில் விற்கிற சாமான் அது. பிடுங்கி எடுத்தேன். மாமியார் ஓடி வந்தார்.

“இன்னாப்பா பண்ற? வவுத்துப் புள்ளைய அமுக்கிடாதா?”

“வவுத்து மேல போட்டாதாம்மா அமுக்கும். கீழ்ப்பட்டை வவுத்துக்கு அடியில, இடுப்பெலும்பு மேல படியணும். மேல்பட்டை நெஞ்சு நடுவுல எறங்கி, வவுத்து ஓரமாப் போவணும்.”

தீபா அப்படியே போட்டுக்கொண்டாள். ஏர்பேக் விரிய இடம் வேண்டுமென்று சீட்டையும் பின்னுக்குத் தள்ளினேன்.

பின்சீட்டில், எனக்கு நேர் பின்னால், அவளுடைய அம்மா பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தார். அங்கே பெல்ட் மாட்டும் பக்கிள் புது சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. கையை விட்டுத் தோண்டி எடுத்துக் கொடுத்தேன்.

“எனக்கு எதுக்கு தம்பி? நான் இன்னா முன்னாலயா குந்தியிருக்கேன்?” என்று சிரித்தார்.

“பின்னால இருந்தாலும் போடணும்மா.”

“ராகு காலம் பொறக்கப் போவுது, வண்டிய எடுப்பா!” என்று வாசலில் நின்றவர்கள் கத்தினார்கள். எடுத்தேன்.

2. டிராக்டர்

பனமலை ஏரி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்தில், கரும்பு லோடு டிராக்டர் ஒன்று வயலிலிருந்து சட்டென்று ரோட்டில் ஏறியது. பிரேக்கை முழுசாக மிதித்தேன். ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று உதைத்தது. அது சக்கரத்தை லாக் ஆக விடாததால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடிக்க முடிந்தது. ஆனாலும் டிரெய்லரில் மோதிவிட்டோம்.

பெல்ட் தானாகவே சுருண்டு எங்கள் இருவரையும் சீட்டோடு இழுத்துப் பிடித்தது. ஏர்பேக் வெடித்து விரிந்து, முகத்தைத் தாங்கி, உடனே காற்று இறங்கியது. எங்கும் வெள்ளைத் தூள், கருகல் வாசனை. பச்சையம்மாள் என் சீட்டின் முதுகில் வந்து மோதினார். அந்த இடியை என் முதுகு இன்னும் மறக்கவில்லை.

கூட்டம் கூடியது. “தகர டப்பாப்பா இது. எப்டி நசுங்கிக் கெடக்குது பாரு” என்றார் ஒருவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கார் முன்பக்கத்தை நசுங்குவதற்கென்றே செய்கிறார்கள். அது நசுங்கி இடியை வாங்கிக்கொண்டதால்தான் நாங்கள் உட்கார்ந்த கூண்டு உருக்குலையாமல் நின்றது, கதவும் திறந்தது. ஆனால் கார் நின்றாலும், பெல்ட் போடாத உடம்பு அதே வேகத்தில் முன்னால் போகும். அதைக் கூண்டு தடுக்காது.

3. ஆஸ்பத்திரி

தீபாவுக்குத் தோளில் பெல்ட் தடம் கன்றிப்போயிருந்தது. வேறு காயமில்லை. ஆனால் குழந்தை அசைவது தெரியவில்லை என்று அழுதுகொண்டே இருந்தாள். தகவல் தெரிந்து புருஷனும் மாமியாரும் வந்து சேர்ந்தார்கள். மாமியார் அந்தத் தடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், பெல்ட் போடச் சொன்னவன் நான்தானே.

திரைக்கு வெளியே நின்றேன். டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தையல் மெஷின் ஓடுகிற மாதிரி விடாமல் கேட்டது குழந்தையின் இதயத் துடிப்பு.

“நல்லா இருக்குதும்மா” என்றார் டாக்டரம்மா.

தீபா அழுகையோடு சிரித்தாள். “எங்கம்மாவக் கூப்புடுங்க, அவங்களும் கேக்கட்டும்” என்றாள்.

பச்சையம்மாளின் உயிர் ஆம்புலன்ஸில் வரும்போதே போய்விட்டிருந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து அழுதேன்.

தம்பிகளா, முன்சீட்டு பின்சீட்டு என்று பார்க்காதீர்கள். வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் பெல்ட் போட்டதைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். எந்த வீட்டுக்காரர் முறைத்தாலும் சரி. வாசலில் நின்று அவசரப்படுத்துகிறவர்கள் யாரும் நம்மோடு வண்டியில் வருவதில்லை.