ரேடியோ சொன்ன பெயர்

அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டாலும் சரி, ஆஸ்பத்திரியில் கேட்டாலும் சரி, என்னை முன்னால் தள்ளிவிடுவாள். "ஊருக்கே தெரிஞ்ச என் பேரு உங்கம்மாவுக்கு மட்டும் தெரியாது" என்று அப்பா சீண்டுவார்.

அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்து, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள். வாடகை குறைவு, கம்பெனி பஸ்ஸும் நிற்கும் என்பதற்காகக் குருபரப்பள்ளியில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். அம்மாவுக்கு வாய்த்த பேச்சுத் துணை ரேடியோதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேயர் விருப்பம் என்று பழைய பாட்டுகள் போடுவார்கள். அப்பா விடாமல் போஸ்ட் கார்டு எழுதுவார். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் பெண் எங்கள் ஊரைச் சொல்லி, அப்பா பெயர், அம்மா பெயர், என் பெயர் என்று வாசிப்பாள். அப்பா பெயர் வரும்போது அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். இந்த வயதில் என்ன வெட்கமோ என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

அப்பா மாரடைப்பில் போன பிறகு கார்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. முதல் கார்டில் எங்கள் இருவர் பெயரை மட்டும் எழுதினேன். அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"அவரு பேரு எங்கடி? அத எடுத்துராத. அந்தப் பொண்ணு சொல்லித்தான நான் கேட்டுக்கணும்."

சேர்த்து எழுதினேன். வாசித்தார்கள். அன்று அம்மா வாயை மூடிக்கொள்ளவில்லை. அழுதாள்.

அதற்கப்புறம் ரேடியோக்காரர்களுக்கு என்ன வந்ததோ. ஒரு மணி நேரம் அரை மணியானது. பெயர்களை மூச்சுவிடாமல் ஓட்டினார்கள். பிறகு கார்டே வேண்டாம், போன் பண்ணுங்கள் என்றார்கள். நேற்று வந்த பாட்டெல்லாம் அந்த நேரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. விளம்பரக்காரர்களுக்கு இளவட்டம்தான் வேண்டுமாம். நானும் இளவட்டம்தான், என்னை யாரும் கேட்கவில்லை.

போச்சம்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து நான் வாங்கிய செல்போனில் ஞாயிறு தவறாமல் முயன்றேன். எப்போதும் எங்கேஜ்டு. ஒருநாள் லைன் கிடைத்துவிட்டது. ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

"ரேடியோ சத்தத்தைக் குறைச்சிக்கோங்கம்மா" என்றது ஒரு புதுக் குரல். சுத்தமாகக் குறைத்தேன். யார் யாருக்காகப் பாட்டு என்று கேட்டதும் அம்மா தன் பெயரையும் என் பெயரையும் சொன்னாள்.

"சார் பேரு சொல்லலையே?"

அம்மா வழக்கம்போல் போனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்குவதற்குள், "நீங்களே சொல்லுங்கம்மா" என்றாள் அந்தப் பெண். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் பெயரைச் சொன்னாள். அவள் குரலில் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சார் பக்கத்துல இருக்காரா?"

"ஷிப்டுக்குப் போயிருக்காரு."

பழைய பாட்டெல்லாம் இப்போது போடுவதில்லை, புதுசாக ஒன்று போடுகிறேன் என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

அம்மா செல்போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அவரு பேரு ரேடியோவுல வந்துச்சாடி?"

"வந்துச்சும்மா" என்றேன். ரேடியோவைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருந்ததில் எங்கள் இருவர் காதிலும் அது விழவில்லை.